செலவு எவ்வளவென்று கேட்பது குற்றமா?

தொழிலாளி தன் கூலியைக் கேட்டால் அஃது உரிமை என்கிறோம். விவசாயி தன் உருளைக்கிழங்குக்கு விலை கேட்டால் அது நியாயம் என்கிறோம். ஆனால், அதே தொழிலாளியும் அதே விவசாயியும் பதுளை நகரிலே ஒரு சட்டத்தரணியின் அலுவலகப் படியேறி, “ஐயா, இந்தக் காரியத்தை முடித்துத் தருவதற்கு மொத்தம் எவ்வளவு செலவாகும்?” என்று கேட்டுவிட்டால் மட்டும் அது மரியாதைக் குறைவு என்றாகிவிடுகிறது! கேட்டவனும் கூசுகிறான், கேட்கப்பட்டவரும் முகம் சுளிக்கிறார். எங்கிருந்து வந்தது இந்த விசித்திரமான மரியாதை?

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலும், வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலும் வாழும் நம் மக்கள், நொத்தாரிசு, நில அளவையாளர், கட்டட வரைபடம் கீறுவோர், மருத்துவர் முதலிய தொழில்வல்லாரிடம் செல்லும்போது வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. “நீங்களே பார்த்துச் செய்யுங்கள், ஐயா.” அதற்கு எதிரே வரும் மறுமொழியும் எல்லாருக்கும் பழக்கமானதே. “அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” இவ்விரு வாக்கியங்களும் சந்திக்கும் இடத்திலேதான் நம் குடும்பங்கள் பலவற்றின் நகை அடகுக் கடைக்கு வழி தேடத் தொடங்குகிறது.

நம் மக்கள் கணக்குக் கேட்கத் தெரியாதவர்கள் என்று எவரேனும் சொல்வாராயின், அவர் தோட்டத்தை அறியாதவர். கவ்வாத்துக் கொந்தரப்புக்குப் போகிறவன், கூலி எவ்வளவென்று பேசி முடிக்காமல் கத்தியைத் தொடுவானா? கொழுந்து மடுவத்திலே தராசின் முன் நிற்கும் நம் தாய்மார், கூடைக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு கிலோ கூடுதலாகக் கழிக்கப்பட்டால் வாய்பொத்தி நிற்பார்களா? முழுப்பேருக்கு உழைத்தவனுக்கு அரைப்பேர் போடப்பட்டால், அன்று மாலையே தலைவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும். தோட்டத்தில் அரைப்பேருக்காகச் சண்டையிடும் அந்த மனிதன், நகரத்துக்கு வந்து நாற்பது, ஐம்பது நாட்கூலியை விழுங்கக்கூடிய ஒரு காரியத்தை ஒரு கேள்வியும் இல்லாமல் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். அறியாமை இதற்குக் காரணமன்று. பழக்கம் காரணம், அந்தப் பழக்கத்தை நமக்கு ஊட்டியது வரலாறு.

தோட்டம் என்பதே எஸ்டிமேட்டின் மேல் நின்ற ஓர் அமைப்பாகும். துரைமார் காலத்தில், வரும் ஆண்டில் எத்தனை ஏக்கர் கவ்வாத்து, எத்தனை அந்தர் உரம், தொழிற்சாலைக்கு எவ்வளவு விறகு, பாதை திருத்த எவ்வளவு என்று ஒவ்வொரு தோட்டத்துரையும் முன்கூட்டியே கணக்கிட்டுக் கொழும்பிலிருந்த ஏஜென்சிக் கம்பெனிக்கு அனுப்புவார். அங்கே ஒப்புதல் கிடைத்த பின்னரே பணம் அசையும். தேயிலைச் செடிக்கு எஸ்டிமேட் இருந்தது. புல் வெட்டுவதற்கும் எஸ்டிமேட் இருந்தது. அந்தச் செடிக்குக் கீழே உழைத்தவனுக்கு மட்டும், தன் தலைமேல் என்ன செலவு எழுதப்படுகிறது என்பது எழுதி முடிந்த பின்னரே தெரிந்தது.

தமிழ்நாட்டின் கிராமத்திலிருந்து நம் பாட்டன் புறப்பட்டபோது, கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, துணிமணி, அரிசி ஆகிய அனைத்தும் அவன் பெயரிலே பற்றெழுதப்பட்டன. எவ்வளவு என்று முன்னே சொன்னவர் இல்லை. மலை ஏறி லயத்துக்குள் நுழையும்போதே கடனாளியாகத்தான் நுழைந்தான். பின்னர் வந்தது ‘துண்டு’. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சிறு காகிதம் அது. ஆளுக்கு விலை குறித்த அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கங்காணிமார் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு ஆட்களை மாற்றினர். கடன் ஏறியதே தவிர இறங்கவில்லை. 1921ஆம் ஆண்டிலேதான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. காகிதம் ஒழிந்தது, ஆயினும், நம்மைப் பற்றிய கணக்கைப் படித்தவர் ஒருவர் எழுதுவார், நாம் பின்னர் கட்டுவோம் என்ற மனப்பான்மை அதனோடு ஒழிந்துவிட்டதா?

பிரஜாவுரிமை பறிபோன காலத்தை நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க 1951 ஓகஸ்ட் 5ஆந் தேதி வரை தவணை தரப்பட்டது. மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததாக எழுத்திலே நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்று எங்கே? தோட்டப் பேரேட்டின் பிரதி எங்கே? சத்தியக்கடதாசி எங்கே? எழுத்தறியாத மக்கள் அத்தனைக்கும் பிறர் கையையே நாட வேண்டியிருந்தது. அந்தக் கைகள் எல்லாம் இனாமாக நீளவில்லை. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் போயின. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் தலைவிதி அவற்றிலே அடங்கியிருந்தது. பிரஜாவுரிமை கிட்டியதோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே. நிராகரிக்கப்பட்டவனும் எழுத்துக்கூலி கொடுத்தான், பஸ் கூலி கொடுத்தான், தவணைக்குத் தவணை பேர் இழந்தான். மொத்தத்தில் என்ன செலவாகும், அதற்கு என்ன பலன் எதிர்பார்க்கலாம் என்று தொடக்கத்திலே அவனுக்கு எடுத்துச் சொல்லியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

அந்த அத்தியாயம் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு முடிந்தது. இன்று நம்முன் நிற்பது காணியும் வீடும். லயத்து அறையை விட்டு வெளியேறிச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்ற ஆவல், கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் பிள்ளைகளின் பணத்தால் இன்று செயலாகி வருகிறது. ஆகவே, முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நம் மக்கள் இப்பொழுது நொத்தாரிசையும் அளவையாளரையும் நாடுகின்றனர். இந்த இடத்திலேதான் நாம் சற்றே நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒருவர் பதுளைக்கு அண்மையில் பத்து இலட்ச ரூபாவுக்கு ஒரு காணி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த நாட்டிலே காணி கைமாற வேண்டுமானால், 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதி வேண்டும். அந்த உறுதிக்கு மாகாண சபைக்குச் சேர வேண்டிய முத்திரைத் தீர்வை உண்டு. விற்பனை உறுதியாயின், முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று வீதமும், எஞ்சியதற்கு நூற்றுக்கு நான்கு வீதமும். அதாவது 3,000மும் 36,000மும்; மொத்தம் 39,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தைக் கொண்டு பார்த்தால் இது 29 நாள் உழைப்பு. இதிலே எந்த இரகசியமும் இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. ஆயினும், இந்த 39,000 அரசுக்குப் போவதென்றும், சட்டத்தரணியின் கட்டணம் இதற்கு வேறென்றும் அறியாமலே உறுதி முடித்தோர் நம்மிடையே எத்தனையோ பேர்! ‘இவ்வளவு கொண்டுவா’ என்று ஒரே தொகையாகச் சொல்லப்படும், கொண்டுபோய்க் கொடுப்போம். எது தீர்வை, எது பதிவுக் கட்டணம், எது அவருடைய உழைப்பின் ஊதியம் என்று பிரித்துக் கேட்பதில்லை. பிரிக்காத தொகையிலே எதையும் மறைக்கலாம். நேர்மையானவர் மறைக்கமாட்டார், ஆனால் நேர்மையானவரையும் மற்றவரையும் வேறு பிரித்தறிய நமக்கு வழி இல்லாமற் போகிறதே!

உறுதியில் எழுதிய விலை குறைவு என்று மாகாண வருமானத் திணைக்களம் கருதினால், காணியை மதிப்பிட்டு மேலும் தீர்வை கேட்கும். ‘விலையைக் குறைத்துப் போடலாம், செலவு மிச்சம்’ என்று யோசனை சொல்லும் தரகர் அன்றைக்கு வந்து நிற்கமாட்டார்.

தொகையைக் கேட்பதற்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு: இந்தக் காரியம் நடக்கக்கூடியதுதானா? வெலிமடைப் பக்கத்திலே பலருடைய நிலம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ வந்த அரச நிலம். அதைப் பிரதேச செயலாளரின் இணக்கமின்றி நினைத்தபடி விற்கவோ வாங்கவோ இயலாது. தோட்டக் காணிகளின் கதையும் சிக்கலானது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசின் கைக்கு வந்து, 1992இல் பெருந்தோட்டக் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போனவை அவை. அத்தகைய நிலத்தில் ஒருவன் தன் வீட்டையும் தோட்டத்தையும் ‘எழுதிக் கொடுக்கிறேன்’ என்று முன்பணம் வாங்குவதும், இன்னொருவன் எழுத்துக்கூலி கொடுத்து ஒரு காகிதம் பெற்றுக்கொள்வதும் ஊவாவிலே கேள்விப்படாத சங்கதிகளல்ல. முத்திரை குத்திய காகிதமெல்லாம் உறுதியாகாது. ஆகவே முதற்கட்டமாகப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்க்க மட்டும் என்ன செலவு என்று கேளுங்கள். அந்தச் சிறு செலவோடு நின்றுவிட வேண்டிய காரியங்களும் பல உண்டு. தேடிப் பார்த்தபின் ‘இது வேண்டாம்’ என்று சொல்லும் சட்டத்தரணிக்கு அவர் கேட்ட ஊதியத்தை முகமலர்ச்சியோடு கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் உங்கள் பத்து இலட்சத்தைக் காப்பாற்றியவர்.

வீடு கட்டப் புறப்படுவோரின் நிலை இதனினும் சிக்கலானது. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தை ஊவா மறக்கவில்லை. பதுளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இடர் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. பிரதேச சபையின் அனுமதிக்குக் கட்டணம் உண்டு. அளவைப்படத்துக்கும் வீட்டு வரைபடத்துக்கும் தனித்தனியே ஊதியம் உண்டு. மேடு பள்ளத்தைச் சீராக்கி, தாங்கு சுவர் எழுப்பும் செலவோ, சமதரையில் வீடு கட்டுவோர் கனவிலும் காணாத செலவு. வரைபடம் கீறித் தருகிறவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லுவார். கேட்க இனிக்கும். அந்தத் தொகைக்குள் தாங்கு சுவர் இருக்கிறதா? தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் இருக்கின்றனவா? மலை உச்சிக்குச் சீமெந்தும் மணலும் சுமக்கும் கூலி இருக்கிறதா? பெருந்தெருவிலே லொறி நின்றுவிடும்; அங்கிருந்து தலைச்சுமைதான். அந்தக் கூலியை எழுதாத மதிப்பீடு மலைநாட்டுக்குரிய மதிப்பீடே அன்று.

எழுதப்படாத செலவு எங்கே போய் விழும் என்பதற்குப் பண்டாரவளையைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. உமா ஓயாத் திட்டம் 52 கோடியே 90 இலட்சம் அமெரிக்க டொலர் மதிப்பீட்டோடு தொடங்கப்பட்டது. மேதைகளான பொறியியலாளர் பலர் கூடிப் போட்ட கணக்கு அது. 2014 டிசெம்பரில் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தது. மேலே மலையில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் பிளந்தன. பரம்பரை பரம்பரையாக நீர் குறையாத ஊற்றுக்கு அருகிலே வாழ்ந்த விவசாயிகள் பவுசர் வண்டியின் தண்ணீருக்கு வரிசையில் நின்றனர். 2024 ஏப்ரல் 24ஆந் தேதி திட்டம் திறந்துவைக்கப்பட்டது, 120 மெகாவாட் மின்சாரம் பிறந்தது, நாட்டுக்கு நன்மைதான். ஆனால் வற்றிய கிணற்றின் விலை முதற்கணக்கில் எந்த வரியில் எழுதப்பட்டிருந்தது? அரசாங்கமே இப்படி என்றால், குழாய்க்கிணறு தோண்ட வரும் ஒப்பந்தக்காரரிடம் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! அடிக்கு இவ்வளவு என்பார். மண்ணுக்கும் கருங்கல்லுக்கும் ஒரே விலையா? இறக்கும் குழாய்க்கு வேறு விலையா? எத்தனை அடியோடு நிறுத்துவது? தண்ணீர் வராவிட்டால் என்ன கொடுப்பது? கடைசிக் கேள்வியை இயந்திரம் வந்து இறங்கியபின் கேட்டுப் பயனில்லை.

தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி ஊரார் ஒரு கதை சொல்வார்கள். உள்ளூர்க்காரராகிய அப்புகாமி என்பவர், வெள்ளைக்கார எஞ்சினியர்கள் நம்பமுடியாத அளவு குறைந்த தொகைக்கு ஏற்றுக்கொண்டு அந்தப் பாலத்தைக் கட்டி முடித்தாராம். கதையில் மெய் எவ்வளவோ, கற்பனை எவ்வளவோ. 1924ஆம் ஆண்டு பதுளைக்கு வந்து சேர்ந்த அந்தப் புகைவண்டிப் பாதை எஸ்டிமேட் இல்லாமல் ஓர் அடியும் நகர்ந்திருக்காது என்பது மட்டும் உறுதி. குறைந்த தொகை எல்லாம் நல்ல தொகையல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மூவரிடம் கேட்டு, அதிலே ஒருவர் மற்ற இருவரினும் பாதியாகச் சொன்னால், எதை விட்டுவிட்டார் என்று பார்க்க வேண்டும். பாலம் கட்டிய அப்புகாமிகள் ஊருக்கு ஒருவர் கிடைப்பதில்லை.

மருத்துவத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. உயிர் ஊசலாடும் வேளையில் விலை பேசச் சொல்லுவது மனிதத் தன்மையன்று. அந்நேரம் பதுளை அரச மருத்துவமனையே நமக்குக் கதி. ஆனால், நாள் குறித்துச் செய்யும் கண் சத்திரசிகிச்சைக்கும், குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கும் தனியார் மருத்துவமனையை நாடுவோர், மருத்துவர் ஊதியம், அறை வாடகை, மருந்து, பரிசோதனை என்று பிரித்து எழுதி வாங்கலாம். கேட்டால் கொடுக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

இனி, கற்றோர் பக்கம் திரும்புவோம். இந்த இதழைப் படிப்போரில் சட்டத்தரணிகளும், மருத்துவர்களும், பொறியியலாளரும் உளர். அவர்களுடைய வாதத்தையும் கேட்டே ஆகவேண்டும். “வழக்கு எத்தனை தவணை போகும் என்று யாருக்குத் தெரியும்? எதிராளி என்ன செய்வான் என்று எமக்கு எப்படித் தெரியும்? அளவைக்குப் போனால்தானே எல்லைக் கல் இருக்கிறதா என்று தெரியும்?” முழுவதும் நியாயமான வாதம். பங்கீட்டு வழக்கு ஒன்றைத் தாத்தா தொடங்கிப் பேரன் முடித்த கதைகள் இந்நாட்டில் ஏராளம். ஆனால் நாம் கேட்பது சோதிடமல்ல. தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதிக் கொடுங்கள் என்கிறோம். வழக்கை எழுதித் தாக்கல் செய்ய இவ்வளவு. ஒவ்வொரு தவணைக்கும் இவ்வளவு. அளவையாளருக்கு நீதிமன்றில் கட்ட வேண்டியது இது. இதற்கு மேல் செலவு வருமானால், செலவழிக்கும் முன் உமக்குச் சொல்லுவேன். இவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே.

இதை உலகத்திலே யாரும் செய்யாத புதுமை என்று எவரும் எண்ண வேண்டாம். நம் நாட்டுச் சட்டக் கல்வியின் தாயகமான இங்கிலாந்திலே, வீடு, காணி கைமாற்றம் முதலிய பணிகளுக்குத் தாம் வாங்கும் கட்டண விவரத்தைப் பொதுமக்கள் பார்க்கும்படி சொலிசிற்றர்கள் வெளியிட வேண்டும் என்ற விதி 2018 டிசெம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில், காப்புறுதி இல்லாத நோயாளிக்கு மருத்துவமனை முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும் என்றும், இறுதிப் பட்டியல் அதைவிட 400 டொலரோ அதற்கு மேலோ கூடினால் அவர் எதிர்த்து முறையிடலாம் என்றும் 2022 ஜனவரி முதல் சட்டம் செய்யப்பட்டது. அங்கே வக்கீல்களின் கௌரவம் குறைந்துவிட்டதா? மருத்துவர்களின் வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டதா? நம் அரசாங்கம் ஒரு பாலத்துக்குக் கேள்விப்பத்திரம் கோருகிறது. பெயரைப் பாருங்கள், கேள்விப்பத்திரம்! அரசாங்கம் கேள்வி கேட்டால் அது ஒழுங்கு; லயத்துக்காரன் கேள்வி கேட்டால் அது துடுக்கு. இந்த நீதியை யார் எழுதி வைத்தார்?

உண்மையைச் சொன்னால், எழுத்து மதிப்பீடு தொழில்வல்லாரையும் காக்கும். வேலை முடிந்தபின் ‘இவ்வளவு என்று சொல்லவில்லையே’ என்று பாதிப் பணத்தோடு மறைந்துவிடும் கட்சிக்காரர்களைப் பற்றி நம் சட்டத்தரணிகள் குறைப்படுவதும் உண்டு. அந்தக் குறையும் பொய்யன்று. ஒரு தாளிலே இரு கையெழுத்து இருந்தால் இரு பக்கத்துச் சண்டையும் குறையும். மடுல்சீமைக்கோ பசறைக்கு மேலேயோ போய் நிலத்தைப் பார்த்து மதிப்பீடு சொல்லுவதற்கே அளவையாளருக்கு ஒரு நாள் போகிறது. அந்த வழிச்செலவைக் கேட்பது அவர் உரிமை. அதையும் முதலிலே சொல்லிவிட வேண்டும் என்பதே நம் கட்சி.

இன்னொன்று: இந்தத் தாள் எந்த மொழியில் இருக்க வேண்டும்? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. பதுளை மாவட்டத்தில் பண்டாரவளை, அப்புத்தளை, அல்துமுல்லை முதலிய சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகள் எனப் பிரகடனம் செய்யப்பட்டன. மேடைகளிலே நாம் முழங்கும் இந்த உரிமை, நம் சொந்தக் காணி உறுதியின் முன் வந்தவுடன் ஏன் ஊமையாகிவிடுகிறது? நொத்தாரிசு தாம் உறுதியை வாசித்து விளக்கியதாக அத்தாட்சிப்படுத்தியே கையொப்பமிடுகிறார். பணம் தம் முன்னிலையில் கைமாறியதா என்பதையும், எவ்வளவு முத்திரை என்பதையும் அங்கேயே எழுதுகிறார். அந்த விளக்கத்தை நமக்கு விளங்கும் மொழியில், கையெழுத்திடும் முன் கேட்டுப் பெறுவது நம் உரிமை. செலவு மதிப்பீடும் தமிழிலே இருக்கட்டும். தமிழ்ச் சட்டத்தரணி தமிழ்க் கட்சிக்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு வரித் தொகை எழுதிக் கொடுப்பது, பழைய துண்டின் ஞாபகத்தையே நமக்கு எழுப்புகிறது. சிங்களச் சட்டத்தரணியிடம் போகிறவர், படித்த பிள்ளை ஒருவரை உடனழைத்துச் செல்லட்டும். எண்களுக்கு மொழி இல்லை, தலைப்புகளுக்குத்தான் மொழி வேண்டும்.

கச்சேரி வாசலிலும் பஸ் நிலையத்திலும் நிற்கும் இடையாட்களை நம்பி மதிப்பீடு வாங்காதீர்கள். ‘ஐயாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்’ என்பவன் ஐயாவுக்கு ஒரு தொகையும் உங்களுக்கு ஒரு தொகையும் சொல்லுவான். வேலையைச் செய்யப் போகிறவர் கையாலேயே தாள் வரவேண்டும். பெண்பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவோருக்கு இது இன்னும் பொருந்தும். அனுமதிப்பத்திர இலக்கமில்லாத முகவரிடம் கொடுக்கும் முன்பணமும், நம் பாட்டனின் தலையில் எழுதப்பட்ட முன்பணமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மற்றும், வருமானம் குறைந்தவர்கள் கட்டணத்தைக் கேட்கும் முன், கட்டணமே இல்லாமல் காரியம் ஆகுமா என்றும் கேட்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு அதற்காகவே இருக்கிறது.

நாம் வேண்டுவது பெரிய சட்டமோ பெரிய போராட்டமோ அல்ல. ஒரு தாள். அதிலே செய்ய வேண்டிய காரியம், அரசுக்குப் போகும் தீர்வையும் கட்டணமும், தொழில்வல்லார் ஊதியம், இதில் அடங்காதவை, எத்தனை நாளில் முடியும், எப்பொழுது எவ்வளவு கொடுக்க வேண்டும், இருவர் கையெழுத்து. தமிழும் சிங்களமும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். தொழிற்சங்கங்கள் மாதந்தோறும் தவறாமல் சந்தா பிடித்துக்கொள்கின்றன. தோட்டத்துக்கு ஒரு கட்டு அச்சிட்டுத் தலைவர்மாரிடம் கொடுப்பதற்கு அவற்றுக்கு வக்கில்லையா? வெலிமடை, பண்டாரவளை விவசாயச் சங்கங்களும் செய்யலாம். பதுளையிலே தொழில் செய்யும் தமிழ்ச் சட்டத்தரணிகளிலும் அளவையாளரிலும் பத்துப் பேர், கேட்காமலே இந்தத் தாளை நிரப்பித் தருவோம் என்று தம் அலுவலக வாசலில் எழுதி வைப்பார்களானால், மற்றவர்களிடம் போய்க் கேட்பதற்கு நம் மக்களுக்கு வாய் தானே திறக்கும். வரும் தை பிறப்பதற்கு முன் சங்கங்கள் இதைச் செய்யட்டும். தாளை அடிப்பதற்குப் பதுளை அச்சகங்கள் மூன்றிலே விலை கேட்டு, அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.